மாற்று வீடு

லாரி டிரைவர் தன் வீட்டுக் கதவைத் திறந்து, வழக்கம்போலப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "கேள்வியம்மா வந்தாச்சு!" என்று வீட்டுக்குள் திரும்பிச் சத்தமாகச் சொன்னான். உள்ளே யாரும் கிடையாது. அப்படிச் சொல்வதில் அவனுக்கு ஒரு குஷி. அதே நேரத்தில், இருபதடி தள்ளி, தெரு நடுவில் இரண்டு பேர் ஒரு மனிதனைக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையிலிருந்த தண்ணீர் கேன் வெடித்துத் தெருவெல்லாம் ஈரமாகிவிட்டது.

"கடந்த ஒரு மாதத்தில், வீட்டை விட்டு வெளியே போக நீங்கள் பயந்தது உண்டா?" என்று கணக்கெடுக்க வந்த அவள், கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்து வாசித்தாள்.

"அண்ணே, விட்டுடுங்கண்ணே, இனிமே குழாய்ப் பக்கமே போகமாட்டேண்ணே" என்று கீழே கிடந்தவன் கதறினான். விலா எலும்பில் பூட்ஸ் விழுகிற சத்தம் கேட்டது. பார்க்காமலே தெரிந்துகொள்கிற சத்தம் அது.

டிரைவர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினான். "டேய், கொஞ்சம் தள்ளிப் போய் அடிங்கடா. இங்க மேடம் வேலை பார்த்துட்டு இருக்காங்க, தெரியல?" பிறகு அவளிடம் திரும்பினான். "என்ன கேட்டீங்க? பயமா? எனக்கா? ஒவ்வொரு தடவையும் இதையே கேக்குறீங்களேம்மா. இந்தத் தெரு மாதிரி நிம்மதியான இடம் வேற எங்கயும் கிடையாது. போட்டுக்கங்க."

அவள் 'இல்லை' என்பதைத் தொட்டாள். அவளுடைய கண் என்ன பார்த்தது என்று யாரும் கேட்கவில்லை. பதில் சொல்கிறவர் வாயிலிருந்து வருவதுதான் பதில். பயிற்சியின்போது அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி நடந்தபோது கீழே கிடந்தவனைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. அவன் வாயிலிருந்து ரத்தக் கோடு ஒன்று ஈரத்தில் கலந்து ஓடியது. அவள் நிற்காமல் போனாள்.

இத்தனைக்கும் டிரைவரின் வீடு அவளுக்கு ஒதுக்கப்பட்ட வீடே இல்லை. ஒதுக்கப்பட்டது அதற்கு அடுத்த மூலை வீடு. அந்த வீட்டின் பின்சுவரும் பொதுக்குழாய்க்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் நிலையத்தின் பின்சுவரும் ஒன்றுதான். அங்கே ஒரு தையல்காரி இருந்தாள் என்று கேள்வி. முதல் முறை தட்டியபோதே கதவு திறக்கவில்லை. டிரைவர்தான் தானாக வந்து, "அங்க யாரு இருக்கா? காலி பண்ணிட்டுப் போயி எவ்வளவோ நாளாச்சு. என்னைக் கேளுங்க" என்றான். உள்ளேயிருந்து தையல் மெஷின் ஓடுகிற சத்தமும் இல்லை. சரி என்று அவனைக் கேட்டாள். அதற்கு விதியிலேயே இடம் உண்டு. மூன்று முறை தட்டு, திறக்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போ. அப்படிப் போகிற வீட்டுக்கு மாற்று வீடு என்று பெயர். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் மூலை வீட்டை டொக், டொக், டொக் என்று தட்டுவாள், மூன்றாவது தட்டு முடியும்போதே கால் அடுத்த படிக்குப் போயிருக்கும். அந்தத் தெருவில் நிறைய வீடுகள் இப்படித்தான் திறக்காமல் போயின. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற கணக்கெடுப்பாளர்கள் பூட்டிய கதவு முன்னால் தவம் கிடந்துவிட்டுப் பாதி வேலையோடு திரும்புவார்கள். அவள் சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்துக்குள் முழுசாக முடித்துவிடுவாள்.

அவளுக்கு வேறு வேலை தெரியாது என்றில்லை. இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அவர்களுடைய சூப்பர்வைசர் நல்ல பேச்சுக்காரர். "முன்னாடியெல்லாம் ஒரு ஊர் முன்னேறிச்சான்னு கேட்டா எத்தனை பாலம் கட்டினோம், எத்தனை கட்டடம் கட்டினோம்னு சொல்லுவாங்க. நாம மனுஷனைக் கேக்குறோம். குடிக்கத் தண்ணி இருக்கா, வயித்துக்குச் சோறு இருக்கா, பயமில்லாம தூங்குறியா. இன்னிக்கு உலகம் பூரா இப்படித்தான் அளக்குறாங்க" என்பார். அலுவலகச் சுவரில் பெரிய வரைபடம் இருந்தது. பயம் அதிகமான பகுதி சிவப்பு, பாதிப் பயம் மஞ்சள், பயமில்லாதது பச்சை. சிவப்பான இடத்துக்குக் காவலும் மருத்துவமும் முதலில் போகும். நல்ல ஏற்பாடு என்றுதான் அவள் நம்பினாள். நல்ல ஏற்பாடும்தான்.

மழை பொய்த்து மூன்றாவது வருஷம் அது. ஆற்றில் மணல்தான் இருந்தது. அந்தப் பக்கம் முழுவதற்கும் இருந்தது ஒரே ஒரு பொது பம்ப் நிலையம். அதை விட்டால் டேங்கரிடம்தான் வாங்கவேண்டும். டேங்கர் என்பது லாரி இல்லை, ஆள். லாரி வைத்துத் தண்ணீர் விற்றுவிற்று, அவனுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பொதுக்குழாயில் பிடிக்கிறவனை எல்லாம் அவனுடைய ஆட்கள் பிடித்து உதைத்தார்கள். கை முறிந்தவன், பல் போனவன், ஒரு கண் போனவன் எல்லாம் அந்தத் தெருக்களில் இருந்தார்கள். பம்ப் நிலையத்துக்குள் மட்டும் அவர்கள் நுழையவில்லை. வாசலில் துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள் நின்றார்கள்.

உள்ளே வால்வைத் திறந்து மூடுகிற மோட்டார்காரன், அவளுடைய தம்பி.

அப்பா அம்மா போன பிறகு அவள்தான் அவனை வளர்த்தாள். அவளுக்கு அவன்தான் உலகம், அவனுக்கு அவளைச் சீண்டுவதுதான் பொழுதுபோக்கு. மத்தியானம் சாப்பிட வரும்போதெல்லாம் அவனுடைய பேண்ட் வலது பக்கம் மட்டும் முழங்கால்வரை நனைந்திருக்கும்.

"ஏன்டா எப்பவும் ஒரு பக்கம் மட்டும் ஈரம்?"

"பம்பு ஒழுகுதுக்கா."

"பம்பு ஒழுகினா ரெண்டு பக்கமும்தானே நனையணும்?"

"என்னோட பம்பு ஒரு பக்கமாத்தான் ஒழுகும். ரொம்ப நல்ல பம்பு" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஓடிவிடுவான்.

அந்த வாரம் சூப்பர்வைசர் எல்லாரையும் வரைபடத்துக்கு முன்னால் கூப்பிட்டார். பம்ப் நிலையப் பகுதியில் இருந்த மஞ்சள் அட்டையைப் பிடுங்கிவிட்டுப் பச்சை அட்டையை அவரே குத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். "போன வருஷம் சிவப்பா இருந்த இடம் இது. இப்ப பாருங்க. நம்ம கேள்வியம்மா ஒரு வீடு விடாம எடுத்த பதில்" என்றார். அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. சந்தோஷத்தில் யாரைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

"அதனால, நாளையிலேருந்து அங்க இருக்கற காவலை எடுத்துப் பழைய மார்க்கெட் பக்கம் போடுறாங்க. அங்கதான் இப்ப சிவப்பு" என்று அவர் முடித்தார்.

கூட்டம் கலைந்ததும் அவர் மேஜைக்கு ஓடினாள். "சார், காவலை எடுத்தா டேங்கர் ஆளுங்க உள்ள பூந்துடுவாங்க சார்."

"அப்படி ஒரு நிலைமைன்னா ஜனங்களுக்குப் பயம் இருக்கணுமே. உங்க பதில்ல பயம் இல்லையே."

"என் தம்பி அங்க வேலை பார்க்குறான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். "நீங்க எடுத்ததுல தப்பு இருக்குன்னா சொல்லுங்கம்மா. எங்க தப்புன்னு சொல்லுங்க. இப்பவே மேல பேசறேன்."

ஒரு பதிலைக்கூட அவள் சொந்தமாகப் போட்டதில்லை. எல்லாம் யாரோ ஒருவர் வாயால் சொன்னது. எங்கே தப்பு என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் தம்பி வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். "நாளைக்கு நீ வேலைக்குப் போகாத."

"நான் போகலன்னா வால்வை யாரு திறப்பா? நீயா? உன்னால மருந்து பாட்டில் மூடியவே திறக்க முடியாது."

"விளையாடாதடா. காவலை எடுக்குறாங்க."

"ஏன்? அவங்களுக்கு என்ன கேடு வந்துச்சு?"

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "பச்சை ஆயிடுச்சு."

அவன் முதலில் சிரித்தான். "பரவாயில்லையே, நம்ம தெரு பாஸாயிடுச்சா!" அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "யாருக்கா சொன்னது பயமில்லன்னு? குழாயில கேனைப் பிடிக்கிற ஒவ்வொரு கையும் நடுங்குறதை நான் தினமும் பார்க்குறேன். நீ எந்த வீட்டுலதான் போய்க் கேட்ட?"

"எனக்கு வேலை சொல்லிக்குடுக்க வராத" என்று அவள் சீறினாள். கோபம் அவன்மேல் இல்லை. அது அவனுக்கும் தெரியும். எழுந்துவந்து அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தான். "ஒருநாள் குழாய் மூடினா, அவ்வளவு பேரும் டேங்கர் காலடியில போய் விழணும்கா. நான் உள்ள பூட்டிக்கறேன். போதுமா?"

மறுநாள் காலையில் அவன் பின்னாலேயே அவளும் போனாள். நிலையத்து வாசலில் காவலர்கள் நிற்கிற இடத்தில் இரண்டு காலி நாற்காலிகள் கிடந்தன. வரிசை மட்டும் வழக்கம்போல நின்றது. தம்பி உள்ளே போய் இரும்புக் கேட்டைப் பூட்டிக்கொண்டு, கம்பி வழியாக அவளைப் பார்த்துச் சாவியை ஆட்டிக் காட்டினான். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் வந்தது. ஒன்றும் ஆகாது போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

அப்போதுதான் லாரி வந்தது. அது நிற்கவில்லை. வந்த வேகத்திலேயே கேட்டை முட்டிப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போனது. வரிசையில் நின்ற கிழவர் ஒருவரின் கால் கேட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு நசுங்கியது. அவர் கத்தின கத்தலில் மொத்த வரிசையும் சிதறி ஓடியது. லாரியிலிருந்து ஆட்கள் இரும்புக் குழாய்களோடு குதித்தார்கள். டேங்கர் கீழே இறங்கவே இல்லை. முன்சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் அறைக் கதவில் குழாய்கள் விழுகிற சத்தம் கேட்டது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் சேர்ந்து ஓடின. பக்கத்துத் தெருவுக்குள் பாய்ந்து, கைக்கு எட்டிய முதல் கதவைத் தட்டினாள். மூலை வீடு. டொக், டொக், டொக். "யாராவது வாங்க! என் தம்பியைக் கொல்றாங்க!" கதவு திறக்கவில்லை. இங்கே ஆள் இல்லை, காலி வீடு என்பது நினைவுக்கு வர, கால் தானாக அடுத்த படிக்குத் தாவியது. எப்போது தட்டினாலும் திறக்கிற டிரைவர் வீடு இன்றைக்குப் பூட்டிக் கிடந்தது. அடுத்த கதவு, அதற்கும் அடுத்தது. மூன்று தட்டு, மூன்று தட்டு என்று தெரு முழுக்க ஓடினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு ஜன்னலில் மட்டும் திரை ஆடி நின்றது.

திரும்பி நிலையத்துக்கே ஓடினாள். வாசலில் நின்ற டேங்கரின் தடியன் ஒருவன் அவளைப் பிடித்துத் தள்ளினான். அவள் கையில் டேப்லெட் இருந்தது. இரண்டு கையாலும் அதைத் தூக்கி, விளிம்பால் அவன் மூக்கில் ஓங்கி அடித்தாள். எலும்பு உடைவது கைக்குத் தெரிந்தது. அவன் வீசிய குழாய் அவள் தோளில் விழுந்து இடது கை மரத்துத் தொங்கியது. கழுத்தைப் பிடித்த கையைப் பல் பதியக் கடித்தாள். வாயெல்லாம் அவன் ரத்தம். அதைத் துப்பிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

மோட்டார் நொறுங்கிக் கிடந்தது. தம்பி அறைக்குள் இல்லை. அறையிலிருந்து பின்சுவர்வரை தரையில் ரத்தம் இழுபட்டுப் போயிருந்தது. சுவரோரம், குழாய் பதிக்கிறவர்கள் போய்வர என்று விட்டிருந்த குட்டி இரும்புக் கதவு ஒன்று இருந்தது. அப்படி ஒரு கதவு இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதன் அடியில் தம்பி கிடந்தான். அவன் கை இன்னும் கதவின்மேல் இருந்தது. ஒருவன் அவனுக்கு மேலே நின்று தலையைக் குறிபார்த்துக் குழாயை ஓங்கி இறக்கினான். மறுபடி ஓங்கினான். அவள் பின்னாலிருந்து பாய்ந்து அவன் முகத்தை நகத்தால் கீறிக் கிழித்தாள். அவன் உதறித் திரும்பினான். அது டிரைவர்.

"நீங்களா?" என்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு. கீழே கிடந்தவனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "உங்க ஆளா? சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா வேற யாரையாவது விட்டு அடிக்கச் சொல்லியிருப்பேன்." மரியாதை குறையாமல்தான் சொன்னான். வெளியே லாரியின் ஹாரன் அடித்தது. வேலை முடிந்துவிட்டது. எல்லோரும் போனார்கள்.

அவள் தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பின்மண்டை கைக்குள் மெத்தென்று அமுங்கியது. "டேய், என்னைப் பாருடா. அக்காடா." அவன் கண் திறந்துதான் இருந்தது. அவன் வலது காலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. அவனுடைய பேண்ட் வலது பக்கம் மட்டும் நனைந்திருந்தது. உதடு ஏதோ சொல்லப் பார்த்தது. சொல்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அப்போது அந்தக் குட்டிக் கதவின் மறுபக்கம் தாழ்ப்பாள் கிரீச்சிட்டது. அது மெல்ல, தடுமாறித் திறந்தது. கக்கத்தில் ஊன்றுகோல் வைத்த ஒரு பெண், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்காலுக்குக் கீழே அவள் கால் கோணலாகச் சேர்ந்திருந்தது. வியர்வை ஊற்றியது.

"யாரு நீங்க?" என்றாள் அக்கா.

"இந்த வீடுதாம்மா. தையல்காரி." அவள் கீழே பார்த்தாள். ஊன்றுகோல் நழுவி விழ, அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "ஐயோ, தம்பி! தினமும் ஒரு வாளி தண்ணி இந்தக் கதவு வழியா குடுக்குமே இந்தப் பிள்ளை. யார்கிட்டயும் சொல்லாதீங்க, தெரிஞ்சா இன்னொரு காலையும் உடைச்சிடுவாங்கன்னு சொல்லுமே."

"நீங்க உள்ளயா இருந்தீங்க? இவ்வளவு நாளும்?"

"எங்க போவேன்? குழாயில தண்ணி பிடிச்சேன்னு காலை உடைச்சுப் போட்டானுங்க. மெஷின் மிதிக்க முடியாது. அதை முன்கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கேன், பயத்துல." தையல்காரி அழுதுகொண்டே பேசினாள். "பின்னாடி தட்டுற சத்தம் கேட்டுது. முன்னாடியும் தட்டுற சத்தம் கேட்டுது. முன்னாடி பொம்பளைக் குரல். சரி, யாரோ உதவிக்கு வந்திருக்காங்க, அவங்களை உள்ள விட்டா ரெண்டு பேருமா சேர்ந்து பின்கதவைத் திறக்கலாம்னு முன்னாடி போனேன். மெஷினை நகர்த்தி, தாழ்ப்பாளைத் திறந்து பார்த்தா யாருமே இல்ல. எப்பவும் அப்படித்தாம்மா. யாரோ ஒரு அம்மா வந்து மூணு தட்டு தட்டும். நான் வரேன் வரேன்னு சொல்லிட்டே நொண்டிக்கிட்டு வர்றதுக்குள்ள போயிடும். திரும்பி இங்க வர்றதுக்குள்ள, இங்கேயும் தட்டுற சத்தம் நின்னு போச்சு."

அவள் மூலை வீட்டு வாசலில் காத்து நின்றிருந்தால் தம்பி பிழைத்திருப்பான். தட்டாமலே இருந்திருந்தாலும் பிழைத்திருப்பான். மூன்று முறை தட்டிவிட்டுப் போனாள். அது மட்டும்தான் அவனைக் கொன்றது. அவள் அவனை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் இன்னும் இரும்புச் சுவையோடு, தொண்டை கிழியக் கத்தினாள்.

காவல் திரும்பி வந்தது. டிரைவர் ஊரை விட்டே ஓடிவிட்டான் என்றார்கள். டேங்கரைக் கூட்டிப்போய் விசாரித்துவிட்டு அனுப்பிவைத்தார்கள். சூப்பர்வைசர் அவள் வீட்டுக்கு வந்தார். கிளம்பும்போது, "எங்க தப்புன்னு இப்ப தெரியுதாம்மா?" என்று தயங்கிக் கேட்டார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, சுவரோடு வைத்து மோதினாள். அவர் தடுக்கவில்லை. "காலை உடைச்சுட்டா கதவு எப்படி சார் திறக்கும்? பயந்தவன் எப்படி சார் திறப்பான்? திறந்தவனை மட்டும் கேட்டுட்டுப் பயமே இல்லன்னு சொல்லியிருக்கேன் சார்." அதற்குப் பிறகுதான் அவரை விட்டாள்.

தோள் எலும்பு கூடினதும் வேலைக்குத் திரும்பினாள். இந்த ஜென்மத்தில் அந்தத் தெருப்பக்கம் போகமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தத் தெருதான் வேண்டும் என்று அவள் கேட்டு வாங்கினாள். இப்போது ஒரு நாளைக்கு நாலைந்து வீடுதான் முடிகிறது. வேலை நடக்கவில்லை என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. வரைபடத்தில் அந்த இடம் மறுபடி சிவப்பாகிவிட்டது. தம்பி உயிரோடு இருந்தபோதே இருந்திருக்கவேண்டிய சிவப்பு.

முதல் நாள் முதல் வீடாக மூலை வீட்டுக்குத்தான் போனாள். தட்டினாள். சத்தமே இல்லை. மூன்று முறைக்கு மேலேயும் தட்டினாள். கால் பழக்கத்தில் அடுத்த படியைப் பார்த்து நகர்ந்தது. அதை இழுத்து வைத்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏறியது. வெகுநேரம் கழித்து உள்ளே மெஷின் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

"வரேன், வரேன், போயிடாதீங்க" என்றது குரல், பதறிப்போய்.

"மெதுவா வாங்க" என்றாள். "நான் இங்கதான் நிக்கிறேன்."